தெரிந்த தண்ணீர்

விஜயதசமி அன்று காலை ஆறு இருபதுக்கு என் மகள் இறால் குட்டையின் கரையில் குந்தி உட்கார்ந்து, மக்கில் மொண்ட தண்ணீருக்குள் பிஎச் மீட்டரின் முனையை விட்டாள். ஏழு புள்ளி ஒன்று. முந்தைய நாள் காலையில் எட்டு காட்டிய தண்ணீர் அது. மீட்டரை உதறிவிட்டு மறுபடியும் வைத்தாள். ஏழு புள்ளி ஒன்று. வேறு இடத்தில் மொண்டு வந்து வைத்தாள். எண் சோம்பலாக நகர்ந்து, அதே இடத்தில் வந்து நின்றது.

சிதம்பரத்திலிருந்து கிள்ளைக்குப் போகும் வழியில், உப்பனாற்றை ஒட்டிய அந்தக் குட்டையில் இருந்தது என் மகளின் முதல் வளர்ப்பு. கடல் உயிரியல் படித்துவிட்டு, வந்த வேலைக்குப் போகாமல் இறால் வளர்க்கப் போகிறேன் என்று நின்றவள். இறால் விரல் நீளம் தாண்டி, பிடிக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வளர்ப்பு கை கொடுத்தால் அவள் அங்கேயே நிற்பாள். கைவிட்டுப் போனால் கடலூருக்குத் திரும்பி வந்து, நான் சொல்லும் பரீட்சைகளை எழுதுவதாக எங்களுக்குள் பேச்சு. ஆயுத பூஜைக்காக நானும் மனைவியும் போய்த் தங்கியிருந்தோம்.

பிஎச் என்பது தண்ணீர் புளிப்புப் பக்கம் சாய்கிறதா, காரப் பக்கம் சாய்கிறதா என்று காட்டும் எண். இறாலுக்கு எட்டை ஒட்டி இருந்தால் நல்லது. ஒரே ராத்திரியில் ஒரு புள்ளி இறங்கினால் தண்ணீரில் ஏதோ செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ராத்திரி நல்ல மழை வேறு. அதனால் அந்த எண்ணை நான் சந்தேகப்படவில்லை.

"மழத்தண்ணி எறங்கிடுச்சிம்மா. சுண்ணாம்பு போட்டு ஏத்திட வேண்டிதுதான்" என்றார் பண்ணையில் வேலை பார்க்கும் வேலு. சொல்லிக்கொண்டே மூட்டையை இழுத்து டிரம்முக்குப் பக்கத்தில் போட்டார்.

"போடு கண்ணு. யோசிக்காத" என்றேன் நான்.

"இருப்பா. காத்து குடுக்கற ஏரேட்டர் ஓடுது, இறால் மேல வரல, தண்ணி நெறம் மாறல. எண்ணு மட்டும் எறங்கியிருக்கு."

"எண்ணு எறங்கினா போதாதா? மேல வந்து செத்து மெதந்தாதான் நம்புவியா?"

வேலு டிரம்மில் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தார். நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். தண்ணீரைப் பற்றிக் கேட்க உலகத்தில் எனக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர். அவருடைய எண் என் போனில் இன்னமும் 'மாடி' என்ற பெயரில்தான் இருந்தது.

மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த அம்மா அவர். வேதியியலில் எம்.எஸ்.சி. படித்தவர். கல்லூரி வேலையை விட்டுவிட்டு, ஸ்கூட்டியின் முன்னால் ஒரு நீலப் பையை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தண்ணீர் சோதிக்கப் போவார். கிணறு, போர்வெல், விடுதித் தொட்டி, மீன் குட்டை, எதையும் விடமாட்டார். கழுத்து நிறைய நகை, கறுப்புக் கண்ணாடி, உரத்த சிரிப்பு. அடக்கம் என்பது அவரிடம் மருந்துக்கும் கிடையாது. "என்னை மாதிரி தண்ணி பாக்கற ஆளு இந்த ஜில்லாவுலயே கெடையாது சார்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். பஜ்ஜி சுட்ட வாசனை மாடிக்குப் போனால் இறங்கி வந்துவிடுவார்.

அவரிடம் ஒரு குணம். எதையும், யாரையும், முதலில் தனக்குப் பதில் தெரிந்த ஒரு கேள்வி கேட்டுத்தான் நம்புவார்.

தொழிலில் அதற்குக் காரணம் இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அவர் முதலில் அந்த ஊர்த் தண்ணீரைத் தொடமாட்டார். பையிலிருந்து சின்னச் சின்ன பாட்டில்களை எடுப்பார். பஃபர் என்று பெயர். ஒன்று ஏழு காட்ட வேண்டும், ஒன்று பத்து, ஒன்று நான்கு. அதில் கொஞ்சம் ஒரு சின்ன கிண்ணத்தில் ஊற்றி மீட்டரை வைத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, காட்டாவிட்டால் திருத்தி, முனையைக் கழுவி, மெல்லிய காகிதத்தால் ஒற்றி எடுத்து, பிறகுதான் கிணற்றுக்குப் போவார். கிண்ணத்தில் ஊற்றியதைத் திரும்ப பாட்டிலில் ஊற்றமாட்டார், தரையில் கொட்டிவிடுவார். ஒரு விடுமுறை நாளில் நெல்லிக்குப்பம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லைக்கு அவருடன் நானும் போயிருந்தேன். கொல்லைக்காரர் வெகுநேரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏம்மா, எங்க தண்ணிய பாக்க வந்துட்டு நீ கொண்டாந்த தண்ணியவே பாத்துனு இருக்கியே" என்றார்.

"எனக்குத் தெரிஞ்ச தண்ணிய இது சரியா சொல்லுதான்னு பாக்கறேன். தெரிஞ்சதிலயே பொய் சொன்னா தெரியாததுல இன்னா சொல்லும்?"

"அப்போ உன் மிசினு மேலயே உனக்கு நம்பிக்க இல்ல?"

"இதுமேல மட்டும்தான் இருக்குது. ஏன்னா இதத்தான் தெனமும் கேள்வி கேக்கறேன்."

கொல்லைக்காரர் என்னைப் பார்த்து, "வீட்ல எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்றார். நான் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் என்று விளக்குவதற்குள் இவர் சிரித்துச் சிரித்துப் பம்புசெட்டைப் பிடித்துக்கொண்டார்.

மனிதர்களிடம் இதே வேலையைச் செய்தபோதுதான் சங்கடம். வாடகைக்குக் கேட்டு வந்த முதல் நாள், தண்ணீர் எப்போது வரும், மின்சாரம் எப்படி என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால், "இந்தத் தெரு முனையில ஒரு மருந்துக்கட இருக்குதே, அது ஞாயித்துக்கெழம உண்டா சார்?" என்று கேட்டார். "உண்டு, உண்டு" என்றேன், வீடு வாடகைக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில். ஞாயிற்றுக்கிழமை அது பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் வந்திருக்கிறார். "சரி, தண்ணி வர்ற நேரத்த நான் பக்கத்து வீட்ல கேட்டுக்கறேன்" என்று சிரித்தபடி சாவியை வாங்கிக்கொண்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

திருவந்திபுரம் மலைக்கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவருடைய அண்ணன் மகளுக்கு வரன் கொண்டுவந்த தரகர் ஒருவர் கூட்டத்தில் அகப்பட்டார். "மஞ்சக்குப்பத்துல மாடி வீட்ல ஒரு பையன் இருக்கறானாமே, தண்ணி டெஸ்ட் பண்ற அம்மாவோட கொழுந்தன், அவன் எப்படி?" என்று கேட்டார் இவர், அந்த அம்மாவே தான்தான் என்று காட்டிக்கொள்ளாமல். தரகர் யோசிக்கவே இல்லை. தங்கமான பையன், குடி கிடையாது, சென்னையில் பெரிய கம்பெனி என்று அடுக்கினார். அவர் பக்கத்திலேயே, கல்யாண வீட்டு வெற்றிலையை மென்றுகொண்டு, நாற்பது தாண்டிய கொழுந்தன் தன் இரண்டு பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். "அண்ணி, எனக்கே இன்னொரு வாட்டி கல்யாணம் பண்ணிக்கலாம்போல இருக்கு" என்றார் அவர். தரகர் செருப்பைத் தேடிக்கொண்டு மலைப்படி இறங்கினார்.

எல்லாவற்றையும் இப்படிச் சிரிப்பாகச் சொல்லிவிட முடியாது. மகள் பத்தாவது படித்தபோது ஒரு சாயங்காலம் இறங்கி வந்து, தட்டில் போட்டுக் கொடுத்த அடையைத் தின்றுகொண்டே, "நேத்து டியூஷன்ல இன்னா பாடம் கண்ணு?" என்று கேட்டார். "கணக்கு ஆன்ட்டி, திரிகோணமிதி" என்றாள் மகள். அவர் தலையாட்டிவிட்டு இன்னொரு அடை கேட்டார். ஒரு வாரம் கழித்து என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த டியூஷன் நேரத்தில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் தண்ணீர் எடுக்கப் போனபோது, இவள் தோழிகளோடு அலையில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தாராம்.

"திட்டாதீங்க சார். உங்க பொண்ணு கொஞ்சம் தள்ளிக் காட்டுது. எவ்ளோ தள்ளிக் காட்டுதுன்னு தெரிஞ்சிக்கிட்டா போதும், கூட்டிக் கழிச்சிக்கலாம்."

அவருக்கு அது ஒரு அளவு. எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் கேட்டேன், மகள் அழுதாள், அதன்பின் மாடிப்படி ஏறவே இல்லை. எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பஸ் ஏறிவிட்டேன் என்று அவள் சொன்னால், பின்னால் கண்டக்டர் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டுவேன். சாப்பிட்டேன் என்றால் என்ன குழம்பு என்பேன். கூட்டிக் கழித்துக்கொள்ளத் தெரியாதவனிடம் அந்த அம்மா ஏன் அதைச் சொன்னார் என்று மனைவி பலநாள் முணுமுணுத்தாள். பிறகு மாடிக்காரர்கள் சிதம்பரத்துக்கு வீடு மாறிப் போனார்கள். அவர் போன பிறகு மாடியும் அமைதியாகிவிட்டது, வீடும் அமைதியாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது.

இத்தனையும் மனதில் ஓடி முடிவதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார்.

"அக்கா, நான் மஞ்சக்குப்பம் வீட்டுக்காரன் பேசறேன். இங்க இறால் குட்டையில பிஎச் திடீர்னு..."

"இருங்க சார். உங்க வீட்டு வாசல்ல இன்னா மரம் நிக்குது?"

"அக்கா, இறால் சாவப் போவுது, நீங்க மரத்த கேக்கறீங்க."

"மரத்த சொல்லுங்க."

"வேம்பு. இல்ல, இல்ல, அத போன வருஷம் ரோடு போடறப்போ வெட்டிட்டாங்க. இப்போ ஒண்ணும் இல்ல."

"சரி. நெதானமாத்தான் இருக்கீங்க. நான் போன மாசம் பஸ்ல போவும்போது பாத்தேன். போன பொண்ணுகிட்ட குடுங்க."

மகள் போனை வாங்கத் தயங்கினாள். இத்தனை வருஷம் கழித்தும் அவள் முகத்தில் அந்த அடைத்தட்டு தெரிந்தது. ஸ்பீக்கரைப் போட்டு நானே நடுவில் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் வேலு ஒரு மூட்டையை டிரம்மில் கவிழ்த்துவிட்டு, கோல் வைத்துக் கலக்கத் தொடங்கியிருந்தார். சுண்ணாம்பு பொங்கும் சத்தம் கேட்டது.

"மீட்டர எப்ப சரி பண்ண கண்ணு?"

"போன வாரம் ஆன்ட்டி. ஏழுல மட்டும் வெச்சேன். பத்து பஃபர் பிரிக்கல."

"ம். சமையலுக்கு ஆப்ப சோடா வெச்சிருக்கீங்களா?"

"நேத்து அம்மா போண்டா போட்டாங்க. இருக்கு."

"ஒரு டம்ளர் கேன் தண்ணில ஒரு ஸ்பூன் சோடா போட்டுக் கரை. மீட்டர விடு. இன்னா காட்டுதோ அத சொல்லு. எவ்ளோ காட்டணும்னு எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லமாட்டேன்."

மனைவி டம்ளரைத் தேடி ஓடினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இறாலைப் பற்றிக் கேட்டால் மறுபடியும் ஒரு பரீட்சை. அதுவும் இவளுக்கு. வேலு சுண்ணாம்புப் பாலை வாளியில் மொண்டுகொண்டு கரை ஓரமாக நடக்க ஆரம்பித்தார். "போடட்டாம்மா?" என்று கத்தினார். மகள் கையை மட்டும் உயர்த்திக் காட்டினாள். டம்ளரில் மீட்டர் இருந்தது. எண் நகர்ந்தது, நின்றது, இன்னும் கொஞ்சம் நகர்ந்தது.

அவளுக்கு எது சரியான விடை என்று தெரியாது. தப்பான விடை சொன்னால் மீட்டரைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று தன் அப்பா எதிரிலேயே ஆகிவிடும் என்பது மட்டும் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏழு புள்ளி ரெண்டு ஆன்ட்டி."

"சோடாத்தண்ணி எட்டுக்கு மேல காட்டணும் கண்ணு. எட்டு ரெண்டு, எட்டு மூணு. சுண்ணாம்பு போட்டுட்டியா?"

மகள் ஓடியே விட்டாள். "அண்ணே, ஊத்தாதீங்க, ஊத்தாதீங்கண்ணே." பொறுங்கள் என்று அவள் உயர்த்திய கையைப் போடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, வேலு அதற்குள் ஒரு வாளிப் பாலைக் கரை ஓரம் வீசியிருந்தார். தண்ணீரில் வெள்ளையாக ஒரு படலம் விரிந்தது. இரண்டாவது வாளியைத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. எனக்கு அப்போதுதான் விஷயம் மண்டையில் ஏறியது. மீட்டர் ஒரு புள்ளி குறைத்துச் சொல்கிறது. குட்டை எட்டில்தான் இருக்கிறது. டிரம் முழுக்க ஊற்றியிருந்தால் வெயில் ஏறும்போது பிஎச் எங்கேயோ போய், தண்ணீரில் இருக்கும் அமோனியா விஷமாகி, மத்தியானத்துக்குள் மொத்த இறாலும் மிதந்திருக்கும். நான்தான் போடு போடு என்று அவசரப்படுத்திக்கொண்டு நின்றவன். தீனி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

போன் இன்னும் கையில்தான் இருந்தது. அதிலிருந்து குரல் வந்தது.

"சார், நேத்து ஆயுத பூஜ. மீட்டருக்குப் பொட்டு வெச்சது யாரு?"

மனைவி போனுக்குப் பக்கத்தில் குனிந்து, "எல்லாத்துக்கும் வெச்சோம்க்கா. மோட்டாருக்கு, ஏரேட்டருக்கு, வண்டிக்கு. அதுக்கும் வெச்சேன்" என்றாள்.

"எங்க வெச்ச?"

"மூடிய கழட்டுனா கீழ கண்ணாடி உருண்ட மாதிரி இருந்திச்சு. அதுதான் அதோட கண்ணு போலன்னு அதுலயே சந்தனம், குங்குமம் வெச்சேன். மூடிக்குள்ள பழைய உப்புத்தண்ணி நின்னுது, கொட்டிட்டு நல்லா தேச்சுக் கழுவி காய வெச்சேன். காலைல பொட்டு காஞ்சிருந்திச்சு, முந்தானையால அழுத்தித் தொடச்சு சுத்தமாத்தான் குடுத்தேன்."

"ரொம்ப சுத்தம்" என்றார் அவர். பிறகு அந்தப் பழைய சிரிப்பு. அவர் சிரித்ததும் மனைவியும் சிரித்துவிட்டாள், பாதி அழுகையோடு. "அந்த உப்புத்தண்ணிதாம்மா அதுக்கு உசிரு. அந்த உருண்ட எப்பவும் நனஞ்சே இருக்கணும். ராத்திரி பூரா காய வெச்சு, சந்தனத்த தடவி, அழுத்தி வேற தேச்சிருக்க. அது எப்படி உண்ம சொல்லும்? வருஷா வருஷம் பூஜைக்கு மறுநாள் எனக்கு நாலு போனாவது வரும். இந்த வருஷம் மொத போனு உங்களோடது. நான் கெளம்பி வர்றேன், அதுக்குள்ள பொண்ண ஒண்ணு பண்ணச் சொல்லுங்க."

மகள் திரும்பி வந்து, அவர் சொல்லச் சொல்லச் செய்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தை விட்டு, உருண்டையைத் தொடாமல் அதில் ஆட்டினாள். கழுவினாள். மீட்டரோடு வந்த பாட்டிலில் மிச்சமிருந்த உப்புக் கரைசலில் அதை ஊறப் போட்டாள். அது ஊறும் நேரம்தான் அந்தக் காலையிலேயே நீளமானது. வேலு வாளியைக் கீழே வைக்காமலே ஒரு பீடி பற்றவைத்தார். நான் கரையில் போகிறதும் வருகிறதுமாக இருந்தேன். வெள்ளைப் படலம் விரிந்த இடத்துக்கு மகள் ஏரேட்டரைத் திருப்பிவிட்டாள். தண்ணீர் கலைந்து கலைந்து பழைய பச்சைக்கு வந்தது.

பிறகு பஃபர் பொடிப் பொட்டலங்களைப் பிரித்துக் கரைத்தாள். முதலில் ஏழு. எண் தடுமாறி நின்றதும் பட்டனை அமுக்கினாள். கழுவி, ஒற்றி, அடுத்தது பத்து. குட்டைத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் வருவதால் இந்த இரண்டிலும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று வேலுவுக்கு விளக்கிக்கொண்டே செய்தாள். சோடாத்தண்ணீரில் வைத்தாள். எட்டு புள்ளி மூன்று. மனைவி இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு மகள் குட்டைக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். எட்டு புள்ளி ஒன்று.

"பாத்தியாப்பா?"

"பாத்தேன். அவுங்களும் வந்து ஒரு தடவ பாத்துடட்டும் கண்ணு" என்றேன்.

அவள் மீட்டரை மூடினாள். அந்த மூடிய சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது.

வெயில் ஏறி, குட்டை மேல் கொக்குகள் வரத் தொடங்கிய நேரத்தில் மண் ரோட்டில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவர்தான். தலை நரைத்திருந்தது. நகை குறையவில்லை. அதே மாதிரி ஒரு பை. இறங்கி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, குட்டையை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஒரு பார்வை பார்த்தார். நான் ஓடிப்போய் பையை வாங்கிக் கட்டில் மேல் வைத்தேன்.

"அக்கா, மொதல்ல உங்க மீட்டர்ல ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க. அப்பதான் எனக்கு மூச்சு வரும்."

"பையத் தொறங்க."

திறந்தேன். பஃபர் பொட்டலங்கள், மூடிக்கு ஊற்றும் உப்புக் கரைசல் ஒரு பாட்டில், மகளுக்கென்று ஒரு டப்பா நிறைய அதிரசம். துழாவிப் பார்த்தேன். மீட்டர் இல்லை.

"மீட்டர் எங்கக்கா?"

"வீட்ல இருக்குது" என்று சொல்லிவிட்டு, கரையில் நின்ற என் மகளைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். "சோடாத்தண்ணி ஏழு ரெண்டுன்னு சொல்லும்போது பொண்ணுக்குக் கொரல் நடுங்குச்சு சார். ஆனா மாத்திச் சொல்லல. நான் இறால் பாக்க வந்தேன். தண்ணிய பத்தி எங்கிட்ட கேக்காதீங்க, குட்டக்காரிகிட்ட கேளுங்க."